நோய்ப்படுக்கையின் அருகே: மருத்துவமனையில் தாய்க்கு இடம் கிடைத்த வரலாறு

ஆலயத் திருவிழா மலரில் மருத்துவமனையைப் பற்றி ஒரு வரலாற்றுக் கட்டுரையா என்று மெய்யன்பர்கள் வியக்கக்கூடும். அம்பிகையின் சந்நிதியில் அர்ச்சனைச் சீட்டு எழுதும் இடத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை நின்று பார்த்தால் அவ்வியப்பு நீங்கிவிடும். பிள்ளையின் பெயர், நட்சத்திரம், இராசி ஆகியவற்றைச் சொல்லும் தாயின் குரல் தழுதழுக்குமாயின், அப்பிள்ளை மருத்துவமனையில் இருக்கிறது என்பதைக் குருக்கள் கேளாமலே அறிந்துகொள்வார். பிள்ளைக்குச் செய்யப்பட வேண்டிய வைத்தியத்தை மருத்துவர் பார்த்துக்கொள்கிறார். அப்பிள்ளையின் கட்டிலருகே இரவும் பகலும் இருப்பவரை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்ற கேள்விக்கும் ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் ஒரு பகுதி இலண்டனிலும், ஒரு பகுதி தமிழகத்திலும், ஒரு பகுதி நம் டுரியான் துங்கால் வட்டாரத்து இரப்பர்த் தோட்டங்களிலும் நடந்தேறியது.

நம் முன்னோருக்கு மருத்துவமனை புதிது. நோயுற்ற பிள்ளையின் அருகே இருப்பது புதிதன்று. மாரியம்மன் வழிபாட்டோடு இணைந்த அம்மை நோன்பை இதற்குச் சான்றாகக் கூறலாம். பிள்ளைக்கு அம்மை வார்த்துவிட்டால் வீட்டு வாசலில் வேப்பிலை செருகப்படும். பிள்ளையின் பாயருகே தாய் அமர்ந்து வேப்பிலைக் கொத்தால் வருடிக்கொடுப்பாள். அவ்வீட்டில் தாளிப்பு இல்லை. வெளியார் உள்ளே வருவதில்லை. ஆனால் தேவையான பொருள்கள் வாசல்வரை வந்து சேரும். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள்வரை தாயின் பிற கடமைகள் யாவும் மற்றவர் தோளுக்கு மாறிவிடும். இன்றைய மருத்துவர்கள் தனிமைப்படுத்தல் என்று கூறுவதை நம்மவர்கள் பக்தியின் வடிவில் கடைப்பிடித்தனர் என்று பெருமை பேசுவோர் உண்டு. அதில் ஓரளவே உண்மை இருக்கிறது. பெரியம்மையை உலகிலிருந்து ஒழித்தது தடுப்பூசியே. அந்நோய் ஒழிந்துவிட்டதாக உலகச் சுகாதார மாமன்றம் 1980ஆம் ஆண்டில் அறிவித்தது. எனினும், நோயுற்ற பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிக்கலாகாது என்ற எண்ணமும், அவ்வாறு அமர்ந்திருக்கும் தாயை மற்றவர்கள் தாங்கிக்கொள்ள வேண்டும் என்ற எண்ணமும் அந்த நோன்பினுள் பொதிந்திருந்தன என்பதை மறுப்பதற்கில்லை.

அடுத்தடுத்துப் பிள்ளைகளை இழந்த பெற்றோர், அடுத்துப் பிறந்த பிள்ளையைத் தெய்வத்துக்கோ மற்றொருவருக்கோ கொடுத்துவிட்டுத் தவிட்டுக்குத் திரும்ப வாங்கும் வழக்கமும் இவ்வகையைச் சேர்ந்ததே. பிச்சை, தவிடன் போன்ற பெயர்கள் அவ்வாறு வந்தவை. இன்றும் தைப்பூசத்தில் கரும்புத் தொட்டிலில் குழந்தையைச் சுமந்து வருவோரைக் காண்கிறோம். தம்மால் தனித்துத் தாங்க இயலாத பாரத்தை ஊரறியத் தெய்வத்தின் முன் இறக்கி வைப்பதே இவ்வேண்டுதல்களின் உட்பொருள் என்று கொள்ளலாம்.

ஆலயத்துக்கும் மருத்துவமனைக்கும் உள்ள தொடர்பும் பழைமையானதே. செங்கற்பட்டுக்கு அருகே, பாலாறும் வேகவதியும் செய்யாறும் கூடும் திருமுக்கூடலில் வெங்கடேசப் பெருமாள் கோயில் இருக்கிறது. அங்குள்ள வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு, 11ஆம் நூற்றாண்டில் அக்கோயிலைச் சார்ந்து நடந்த ஆதுலர் சாலை ஒன்றை விரிவாகக் கூறுகிறது. பதினைந்து பேர் படுப்பதற்கு இடம் கொண்ட அச்சாலையில் மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை கொண்டுவரும் ஆட்கள் இருவர், மருந்து காய்ச்சியும் நோயாளரைக் கவனித்தும் வந்த பெண்கள் இருவர் எனப் பணியாளர் இருந்தனர். நோயாளருக்கு நாள்தோறும் அளக்க வேண்டிய அரிசி, இரவில் எரிய வேண்டிய விளக்கு, சேமித்து வைக்க வேண்டிய மருந்துகள் ஆகியவற்றுக்கெல்லாம் நிவந்தம் எழுதப்பட்டுள்ளது. கோயிலைச் சார்ந்த மாணவருக்கும் பணியாளருக்குமான சாலை அது. ஊர்ப் பிள்ளைகள் எல்லார்க்கும் திறந்திருந்த ஒன்றன்று. ஆயினும் நோய்ப்படுக்கைக்கு மருந்து மட்டும் போதாது, சோறும் விளக்கும் பக்கத்தில் இருக்கும் ஆளும் வேண்டும் என்பதைக் கணக்கில் எழுதி வைத்த அவ்வூராரின் நுண்ணறிவு போற்றத்தக்கது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1896ஆம் ஆண்டில் டான் சே யான் என்னும் சீன வணிகர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் நாற்பது ஏக்கரில் இரப்பர் பயிரிட்டார். மலாயாவில் வாணிக நோக்கில் அமைந்த முதல் இரப்பர்த் தோட்டம் அதுவே என்பர். அதன்பின் புக்கிட் அசாகானில் பெருந்தோட்டம் எழுந்தது. மலாக்காவின் உட்பகுதிகளில் மரவள்ளி விளைந்த நிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பால்மரக் காடுகளாயின. அலோர் காஜா மாவட்டத்தைச் சேர்ந்த டுரியான் துங்காலும் இந்த மாற்றத்துக்கு விலக்கன்று. ஒற்றை டுரியான் மரம் என்று பொருள்படும் பெயரைக் கொண்ட இவ்வூர், 1991ஆம் ஆண்டின் வறட்சியில் நீர்த்தேக்கம் வற்றியபோது நாடெங்கும் பேசப்பட்டது. 2000ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தால் இன்று அறியப்படுகிறது. அதற்கெல்லாம் முன்பு இது தோட்டங்கள் சூழ்ந்த ஒரு சிறு கடைத்தெரு. தோட்டம்தோறும் லயமும், லயத்தின் ஓரத்தில் ஒரு மாரியம்மன் கோயிலும், ஆயாக் கொட்டகையும் இருந்தன.

ஆயாக் கொட்டகையைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறுதல் தகும். விடியுமுன் பெரட்டுக்குச் செல்லும் தாய், கைக்குழந்தையை அக்கொட்டகையில் விட்டுச் செல்வாள். சேலைத் துணியால் கட்டிய ஏணைகள் வரிசையாகத் தொங்கும். வயது முதிர்ந்த ஒரு பெண்மணி, மரம் வெட்ட இயலாமற்போன பின், ஆயாவாக அமர்த்தப்பட்டிருப்பார். 1920களில் மலாயாவில் உருவான தொழிலாளர் சட்டங்கள், தோட்டங்களில் பிள்ளைக் காப்பகமும் பள்ளிக்கூடமும் மருத்துவ வசதியும் இருக்க வேண்டுமென விதித்தன. நிருவாகத்தினர் இவற்றை அன்பினால் செய்தனர் என்று சொல்வதற்கில்லை. தாயின் இரு கைகளும் காலை நேரத்தில் தோட்டத்துக்குத் தேவைப்பட்டன. அதற்காகவே கொட்டகை எழுந்தது. 1930ஆம் ஆண்டின் பொருளாதார மந்தத்தின்போது மலாயாவின் பல பகுதிகளில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்றிருந்த நாட்கூலி முறையே 40 காசாகவும் 32 காசாகவும் குறைக்கப்பட்டது. அந்த 32 காசும் வேலைக்குச் சென்ற நாளுக்கு மட்டுமே உரியது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தாய் வீட்டில் நின்றால் அன்றைய கூலி இல்லை. நின்றது ஒரு வாரமாயின், மாதக் கடைசியில் கடைக்காரருக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி ஏறிவிடும்.

தோட்டத்தில் சிறு நோய்களைப் பார்க்க டிரசர் இருந்தார். கொயினா மருந்தும், புண்ணுக்குக் கட்டும், வயிற்றுப் பூச்சிக்கு எண்ணெயும் அவரிடம் கிடைத்தன. மலேரியா மலிந்திருந்த அக்காலத்தில் பல பிள்ளைகளின் உயிரைக் காத்தவர்கள் அவர்களே. அவர் கைமீறிய நோயாயின் பிள்ளையை மலாக்காப் பட்டணத்துப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார். பெரிங்கிட் குன்றுப் பக்கத்தில் 1934ஆம் ஆண்டில் எழுந்த பொது மருத்துவமனை நம்மவர் நாவில் பெரியாஸ்பத்திரி என்றே வழங்கிற்று. டுரியான் துங்காலிலிருந்து அது பத்து மைல் அளவிலான தூரமே. ஆனால் கூலியை இழந்து, பேருந்துக் கட்டணம் கொடுத்து, மொழி தெரியாத இடத்தில், வீட்டில் விட்டுவந்த மற்றப் பிள்ளைகளை நினைத்துக்கொண்டு சென்ற தாய்க்கு அந்தப் பத்து மைல் எவ்வளவு நீளம் என்பதைத் தோட்டத்தில் வாழ்ந்த பெரியோரிடம் கேட்டறியலாம்.

அங்கே சென்றடைந்த பின்னும் தாய்க்கு இடம் உண்டா என்பதே அடுத்த கேள்வி. ஆங்கிலேயர் ஆட்சியில் எழுந்த மருத்துவமனைகள் அவர்தம் நாட்டு ஒழுங்கையே தழுவின. எனவே அந்நாட்டு நிலையை இங்கே அறிந்துகொள்ள வேண்டும்.

இலண்டனில் கிரேட் ஆர்மண்ட் தெருக் குழந்தைகள் மருத்துவமனையை டாக்டர் சார்லஸ் வெஸ்ட் 1852ஆம் ஆண்டில் தொடங்கினார். நாளடைவில் மேல்நாட்டு மருத்துவமனைகளில் பெற்றோரின் வருகை கடுமையாகக் குறைக்கப்பட்டது. நோய்க்கிருமிகளைப் பற்றிய அறிவு வளர்ந்து, அவற்றைக் கொல்லும் மருந்துகள் இன்னும் வாராத காலம் அது. வெளியிலிருந்து வருவோர் தொண்டை அடைப்பானையும் செங்காய்ச்சலையும் கொண்டுவந்துவிடுவர் என்ற அச்சம் பொருளற்றதன்று. அதனோடு வேறொரு காரணமும் சேர்ந்துகொண்டது. தாய் வந்து சென்றபின் பிள்ளை அழுகிறது, வாராவிட்டால் அழுவதில்லை, ஆகவே வாராதிருப்பதே நல்லது என்று தாதியர் கருதினர். 1949ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவமனைகளின் பார்வை நேரங்களைத் தொகுத்து வெளியிட்ட ஒரு பட்டியல் இன்று படிப்போரைத் திகைக்க வைக்கும். புனித தோமையர் மருத்துவமனையில் முதல் மாதம் பெற்றோர் பிள்ளையைச் சந்திக்கலாகாது. ஆனால் மாலை 7 மணி முதல் 8 மணி வரை, பிள்ளை உறங்கும்போது பார்க்கலாம். மற்றொரு மருத்துவமனையில் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் தடுப்புக்கு அப்பாலிருந்துதான் பார்க்க முடியும். நம் மலாயாவில் பணியாற்ற வந்த மேட்ரன்களும் சிஸ்டர்களும் இத்தகைய ஒழுங்கில் பயின்றவர்களே. பார்வை நேரம் முடிந்தது என்று மணியடித்து அன்னையரை வெளியேற்றிய அவர்களைக் கல்நெஞ்சர் என்று சொல்லிவிடுவது எளிது. தாம் கற்ற நெறிப்படி பிள்ளைகளின் உயிரைக் காப்பதாகவே அவர்கள் நம்பினர்.

இந்த நம்பிக்கையை எதிர்த்து நின்றவர்கள் அந்நாட்டிலேயே தோன்றினர். நியூகாசில் நகரில் 1925ஆம் ஆண்டிலேயே டாக்டர் ஜேம்ஸ் ஸ்பென்ஸ், கைக்குழந்தைகளோடு தாய்மாரும் தங்கிக் கவனிக்குமாறு தம் சிறு மருத்துவமனையில் ஏற்பாடு செய்தார். பிறர் அதனைப் பின்பற்றத் தயங்கினர். பின்னர் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்னும் சமூகப் பணியாளர் வந்தார். போர்க்காலத்தில் அன்னா பிராய்டு அம்மையார் இலண்டனில் நடத்திய பிள்ளைக் காப்பகத்தில் கொதிகலனுக்குத் தீ மூட்டும் வேலையில் இருந்தவர் இவர்; பெற்றோரைப் பிரிந்த பிள்ளைகளை அங்கேயே உற்றுநோக்கக் கற்றார். தொடர்ந்து ஜான் பௌல்பி என்னும் மனநல மருத்துவரோடு சேர்ந்து மருத்துவமனைகளில் ஆய்வு செய்தார். தாயைப் பிரிந்த பிள்ளை முதலில் அழுது ஆர்ப்பரிக்கிறது. பின் நம்பிக்கையிழந்து ஒடுங்குகிறது. இறுதியில் எவரையும் பற்றாததுபோல் ஆகிவிடுகிறது என்பதை அவர் கண்டார். தாதியர் எதைப் பிள்ளை பழகிவிட்டது என்று மகிழ்ந்தனரோ, அது உண்மையில் பிள்ளை மனம் விட்டுப்போன நிலை என்பதே அவர்தம் கூற்று.

சொன்னால் எவரும் நம்பவில்லை. ஆகவே அவர் ஒரு படக்கருவியைக் கையிலெடுத்தார். லாரா என்னும் இரண்டரை வயதை எட்டாத சிறுமி ஒரு சிறு அறுவைக்காக எட்டு நாள் மருத்துவமனையில் இருந்ததை, நாள்தோறும் குறித்த நேரத்தில் படம்பிடித்தார். 1952ஆம் ஆண்டில் அப்படம் இலண்டனில் மருத்துவர் அவையில் காட்டப்பட்டபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. விதிவிலக்கான ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு மருத்துவமனையைப் பழிக்கிறார் என்றனர். அவர் சோர்ந்துவிடவில்லை. 1958ஆம் ஆண்டில், தாய் உடனிருக்க மருத்துவமனை சென்ற பிள்ளையைப் பற்றி இரண்டாவது படம் ஒன்றையும் எடுத்தார். மறுஆண்டு சர் ஹாரி பிளாட் தலைமையில் அமைந்த அரசாங்கக் குழு, பெற்றோர் எந்நேரமும் வரலாம், சிறு பிள்ளைகளோடு தாய் தங்குவதற்கு இடமளிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஆயினும் அறிக்கை அச்சேறியதால் வார்டுக் கதவுகள் திறந்துவிடவில்லை. 1961ஆம் ஆண்டில் ராபர்ட்சனின் படக்காட்சிகள் தொலைக்காட்சியில் வந்தபின், இலண்டன் பேட்டர்சி வட்டாரத்து இளந்தாயர் சிலர் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்தனர். ஒவ்வொரு மருத்துவமனையாக ஏறி இறங்கி, அறிக்கையில் உள்ளதைச் செய்கிறீர்களா என்று கேட்டனர். பெரும் மாற்றத்தைக் கொண்டுவந்தது அக்கேள்வியே என்பது என் கருத்து.

தமிழகத்தில் நிலைமை வேறு. அங்குள்ள அரசு மருத்துவமனைகளில் நோயாளிக்குத் துணையாக ஓர் ஆள் இருப்பது எக்காலத்திலும் வழக்கமாகவே இருந்து வந்துள்ளது. எழும்பூர்க் குழந்தைகள் மருத்துவமனைக்குச் சென்றவர்கள், துணைக்கு வந்தோர் தாழ்வாரத்திலும் மரத்தடியிலும் பாய் விரித்துப் படுத்திருக்கும் காட்சியைக் கண்டிருப்பர். இதைக் கொண்டு நாம் மேல்நாட்டாரினும் முன்னேறியவர்கள் என்று மார்தட்டிக்கொள்வது பொருந்தாது. தாதியர் போதாமையால் மருந்து வாங்கவும் பிள்ளையைத் துடைக்கவும் ஆள் தேவைப்பட்டது. ஆள் இருக்கலாம் என்றனரே தவிர, அந்த ஆள் எங்கே குளிப்பார், எதை உண்பார் என்று நெடுங்காலம் எவரும் கேட்கவில்லை. 2013ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சி தொடங்கிய அம்மா உணவகங்கள் அரசு மருத்துவமனை வளாகங்கள் சிலவற்றிலும் திறக்கப்பட்டபோது, அங்கே இட்லிக்கு நின்ற வரிசையில் பெரும்பாலோர் துணைக்கு வந்தவர்களே. தொலைவூர்களிலிருந்து புற்றுநோய்ச் சிகிச்சைக்கு வரும் பிள்ளைகளும் பெற்றோரும் தங்குவதற்காக, 2006ஆம் ஆண்டில் மும்பையில் நிகால் கவிரத்னே, சியாமா கவிரத்னே தம்பதியர் தொடங்கிய புனித ஜூட் இல்லங்கள் பின்னர் சென்னைக்கும் வேலூருக்கும் விரிந்தன. சிகிச்சை முடியுமுன் பிள்ளையைத் திரும்ப அழைத்துச் சென்றுவிடும் பெற்றோர் பலரும், தங்க இடமின்மையாலேயே அவ்வாறு செய்கின்றனர் என்பதை உணர்ந்து எழுந்தவை அவை.

மீண்டும் நம் தோட்டத்துக்கு வருவோம். பார்வை நேரம் முடிந்து வெளியேற்றப்பட்ட தாயையும், வார்டில் இருக்க இசைவு பெற்ற தாயையும் அன்று தாங்கி நின்றது எது? சட்டமன்று; சங்கமுமன்று. லயம்தான் தாங்கிற்று. ஒரு வீட்டில் பிள்ளையைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்துவிட்டனர் என்ற செய்தி மாலைக்குள் லயம் முழுவதும் பரவிவிடும். வீட்டிலுள்ள மற்றப் பிள்ளைகள் எதிர்வீட்டு அத்தையிடமோ பக்கத்து வீட்டுச் சின்னம்மாவிடமோ உண்டு உறங்கும். பட்டணம் செல்லும் எவரேனும் தூக்குச் சட்டியில் சோறு கொண்டுபோவார். கோழியை விற்றோ சீட்டை முன்கூட்டி எடுத்தோ கைச்செலவுக்குப் பணம் தருவோரும் உண்டு. மருத்துவமனையில் வேலை செய்த தமிழ்ப் பணியாள் ஒருவரை எவரேனும் அறிந்திருப்பர். டாக்டர் என்ன சொன்னார் என்பதைத் தாய்க்குப் புரியும் மொழியில் சொல்ல அவரே கதி. வெள்ளிக்கிழமை பூசையில் அப்பிள்ளையின் பெயர் சொல்லப்படும். திருநீறும் எலுமிச்சையும் மறுநாள் கட்டிலருகே வந்து சேரும்.

இதைப் படிக்கும்போது தோட்ட வாழ்க்கை பொற்காலமாகத் தோன்றிவிடலாகாது. அதே லயத்தில்தான், பிள்ளைக்கு நோய் வந்ததற்குத் தாயின் கவனக் குறைவே காரணம் என்று புறம்பேசியவர்களும் இருந்தனர். சாதி பார்த்துச் சோறு வாங்காதவர்கள் இருந்தனர். செய்வினை என்று சொல்லி, டிரசர் எழுதிக் கொடுத்த சீட்டை ஒளித்துவைத்து, பிள்ளை துவளும்வரை மந்திரிப்பாரிடம் அலைந்த வீடுகளும் உண்டு. ஆயினும் அத்தனை குறைகளோடும், எவரும் கேளாமலே நடந்த உதவிகள் அவை. உதவி கேட்க வேண்டியிராத நிலையை இழந்த பின்னரே அதன் அருமை நமக்குத் தெரிகிறது.

அது எப்படி இழக்கப்பட்டது என்பதும் வரலாறே. 1950களில் ஆங்கிலேய நிறுவனங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. அவை துண்டாடப்பட்டுக் கைமாறின. வேலையிழந்தோரைக் காக்க 1960ஆம் ஆண்டில் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்துத் தொழிலாளரின் சிறு சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்கினார். எனினும் பெரும்போக்கைத் தடுக்க இயலவில்லை. இரப்பர் செம்பனையாயிற்று, செம்பனை வீடமைப்புப் பகுதியாயிற்று. 1970களில் பத்து பெரெண்டாம் பகுதியில் எழுந்த தொழிற்சாலைகளுக்கு நம் பெண்மக்கள் பேருந்தேறிச் சென்றனர். வருவாய் உயர்ந்தது, பிள்ளைகள் படித்தனர், இவை நன்மைகளே. ஆனால் வரிசை வீட்டில் குடியேறிய குடும்பத்துக்குப் பக்கத்து வீட்டார் யாரென்றே தெரியாத நிலையும் உடன்வந்தது. இன்று பிள்ளை வார்டில் சேர்க்கப்பட்டால், மற்றப் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து யார் அழைத்து வருவது என்ற கேள்விக்கே விடையின்றித் தந்தை வேலைக்கும் மருத்துவமனைக்கும் இடையே ஓடுகிறார்.

இதற்குள் மருத்துவமனைக் கதவு திறந்துவிட்டது என்பது விந்தை. இன்று நம் நாட்டு அரசு மருத்துவமனைகளின் குழந்தைகள் பிரிவில் தாயோ வேறொருவரோ பிள்ளையோடு இருக்கலாம். கட்டிலருகே ஒரு நாற்காலியும் தரப்படுகிறது. உலகமும் அவ்வழியே சென்றுள்ளது. 1988ஆம் ஆண்டில் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் உருவான மருத்துவமனைப் பிள்ளைகளுக்கான உரிமைச் சாசனம், பெற்றோர் உடனிருப்பதோடு நில்லாமல், அதனால் அவர்களுக்குக் கூடுதல் செலவோ வருமான இழப்போ நேரக்கூடாது என்றும் கூறிற்று. நம் 1955 வேலைச் சட்டமும் அதன் திருத்தங்களும் தொழிலாளி தாமே நோயுற்றால் விடுப்பளிக்கின்றன. 2023 சனவரி முதல் மகப்பேற்று விடுப்பு 98 நாளாகவும், தந்தையின் விடுப்பு 7 நாளாகவும் ஆயின. பிள்ளை நோயுற்றால் உடனிருப்பதற்கென்று தனி விடுப்பு அச்சட்டத்தில் இல்லை. 32 காசுக் கூலிக்காரியின் இடர்ப்பாடு வேறு வடிவில் இன்றும் தொடர்கிறது.

தாய் அருகே இருப்பது ஆறுதல் மட்டுமன்று, மருந்துமாகும் என்பதும் அண்மையில் ஐயமற நிறுவப்பட்டுள்ளது. கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1970களின் இறுதியில், கருவிகள் போதாத மருத்துவமனையில் டாக்டர் எட்கார் ரே, எடை குறைந்து பிறந்த சிசுக்களைத் தாயின் மார்போடு அணைத்து வைக்கும் முறையைத் தொடங்கினார். கங்காரு முறை எனப்படும் அதனை, பிறந்தவுடனேயே, தீவிரக் கவனிப்புப் பிரிவிலேயே கைக்கொண்டால் என்ன ஆகும் என்று இந்தியாவிலும் ஆப்பிரிக்க நாடுகள் நான்கிலும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட சிசுக்களிடம் உலகச் சுகாதார நிறுவனம் ஆராய்ந்தது. 2021ஆம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று: முதல் 28 நாளில் இறந்தோர் வழக்கமான முறையில் நூற்றுக்கு 15.7, தாயோடு வைத்த முறையில் 12. அதற்காகத் தாயின் கட்டிலையும் தீவிரக் கவனிப்புப் பிரிவுக்குள் கொண்டுவர வேண்டியதாயிற்று. புனித தோமையர் மருத்துவமனையின் பழைய விதியை நினைத்துப் பார்க்கும்போது, எவ்வளவு தொலைவு வந்துவிட்டோம் என்பது விளங்கும்.

மலாக்காவில் தீராத நோய்களுக்குக் கோலாலம்பூர் செல்ல நேர்கிறது. இதய நோய்க்குத் தேசிய இருதயக் கழகமும், புற்றுநோய் முதலியவற்றுக்கு அங்குள்ள குழந்தைகள் மருத்துவமனையும் பல்கலைக்கழக மருத்துவமனைகளும் உள்ளன. 1994ஆம் ஆண்டில் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமை பெற்றபின் போய்வருவது எளிதாயிற்று. ஆனால் இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சை ஓரிரு நாளில் முடிவதன்று, மாதக்கணக்கில் நீள்வது. இந்நிலை எங்கும் உண்டு. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பிரெட் ஹில் என்னும் காற்பந்து ஆட்டக்காரரின் மகளுக்கு இரத்தப் புற்றுநோய் கண்டது. மருத்துவமனை நாற்காலிகளில் உறங்கியும் இயந்திரத்தில் வாங்கியதை உண்டும் காலங்கழித்த பெற்றோரை அவர் அங்கே கண்டார். டாக்டர் ஆட்ரி எவன்ஸ் அம்மையாரோடு சேர்ந்து அவர் முயன்றதன் பயனாக 1974ஆம் ஆண்டில் எழுந்ததே முதல் ரொனால்டு மெக்டொனால்டு இல்லம். உலகெங்கும் இன்று முந்நூற்றுக்கு மேற்பட்ட இல்லங்கள் உள்ளன. நம் நாட்டில் செராசிலும் கிளந்தானின் குபாங் கெரியானிலும் பல்கலைக்கழக மருத்துவமனைகளைச் சார்ந்து அவை எழுந்தன. தேசியப் புற்றுநோய்ச் சங்கமும் புற்றுநோய் கண்ட பிள்ளைகளுக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் கோலாலம்பூரில் நம்பிக்கை இல்லம் ஒன்றை ஏற்படுத்தியது. சிகிச்சையால் படிப்பு கெடாதிருக்க, 2011ஆம் ஆண்டு முதல் கல்வி அமைச்சு மருத்துவமனைக்குள்ளேயே பள்ளிகளை நடத்தி வருகிறது. இவ்வசதிகளை நம்மவருள் பலர் அறியார் என்பதே வருந்தத்தக்கது. தெரியாமையால் ஒரு குடும்பம் பேருந்து நிலையத்தில் இரவைக் கழித்தது என்று கேள்விப்படும்போது நெஞ்சம் வெதும்புகிறது.

இவற்றை அறிந்துகொள்ளும் வாயில் ஒன்று ஒவ்வொரு பெரிய அரசு மருத்துவமனையிலும் உண்டு. 1895ஆம் ஆண்டில் இலண்டன் ராயல் பிரீ மருத்துவமனையில் மேரி ஸ்டூவர்ட் என்னும் அம்மையார் முதல் ஆல்மனராக அமர்த்தப்பட்டார். ஏழை நோயாளரின் வீட்டுநிலையை அறிந்து உதவி தேடித் தருவது அவர் பணி. அம்மரபு மலாயாவுக்கும் வந்து, இன்று மருத்துவச் சமூகப் பணிப் பிரிவு என்ற பெயரில் இயங்குகிறது. தங்குமிடம், போக்குவரத்துச் செலவு, விலையுயர்ந்த மருந்து அல்லது கருவிக்கு நிதியுதவி ஆகியவற்றுக்கு அங்கேதான் விண்ணப்பிக்க வேண்டும். வார்டுத் தாதியிடம் சொன்னால் அவ்வதிகாரியைக் காண வழிசெய்வர். மலாய் மொழியில் பாரம் நிரப்பத் தயங்கும் முதியவர்கள், பேரப்பிள்ளைக்குத் துணையாக இருக்கும்போது ஒருவரை உடனழைத்துச் செல்வது நலம்.

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது நூறாண்டு முந்தைய நிலை திரும்பியதுபோல் ஆயிற்று. வார்டில் ஒருவர் மட்டுமே. அவரும் மாற முடியாது. தந்தை வாசலோடு நின்றார். சோற்றுப் பொட்டலத்தைக் காவலரிடம் கொடுத்துவிட்டுக் கைப்பேசியில் பிள்ளையின் முகத்தைப் பார்த்துத் திரும்பியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அந்நாட்களில் பல இடங்களில் ஆலயத்தாரும் இளைஞர்களும் வீடு வீடாக உணவுப்பொருள் கொண்டுசென்றனர். அவ்வேற்பாட்டில் பெயர்ப் பட்டியலும், வாகனம் வைத்திருப்போர் வரிசையும், யார் எந்தப் பகுதிக்கு என்ற முறையும் தாமாகவே உருவாயின.

அத்தகைய பட்டியல் ஒன்று ஆலயத்தில் இருக்குமாயின் மருத்துவமனையில் இருக்கும் குடும்பத்துக்கும் அது பயன்படும். பல அரசு மருத்துவமனைகளில் பார்வை நேரம் நண்பகல் 12.30 முதல் 2.00 வரையும், மாலை 4.30 முதல் 7.30 வரையும் என அமைந்துள்ளது. வேலைக்குச் செல்லும் உறவினரால் மாலை நேரத்தையே பிடிக்க முடிகிறது. எல்லாரும் ஒன்றாகச் சென்று கட்டிலைச் சூழ்ந்து நிற்க, தாய் அவர்களுக்கு நடந்ததையெல்லாம் திரும்பத் திரும்பச் சொல்லிக் களைத்துப்போகிறாள். நண்பகலில் எவரும் வருவதில்லை. ஓய்வுபெற்றோர் ஒருவர் அந்த ஒன்றரை மணி நேரம் பிள்ளையின் அருகே அமர்ந்தால், தாய் கீழே சென்று குளித்து, உட்கார்ந்து ஒருவேளை உண்டு, வீட்டுக்குத் தொலைபேசியில் பேசிவிட்டு வரலாம்.